ஒரு ஜடை தோளைத் தொடுது... இன்னொண்ணு தொடலை!

தர்மபுரி மாவட்டம் கடத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கடிதம் எழுதியிருக்கிறார். பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தை மட்டும் சுருக்கித் தருகிறோம்.

"என் தங்கச்சி எட்டாவது படிக்கிறா. ஸ்கூலுக்கு ரிப்பன் வச்சு மடிச்சுக் கட்டுற ரெட்டை ஜடை. நான்தான் பின்னி விடுவேன். போன மாசம் பார்த்தா ஒரு ஜடை தோளைத் தொடுது, இன்னொண்ணு தொடலை. அவிழ்த்து மறுபடி பின்னினேன். அப்பவும் அதே கதை. அப்புறம்தான் ஜடை சரியாத்தான் இருக்கு, தோள்தான் ஏறி இறங்கி இருக்குன்னு புரிஞ்சது. எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஸ்கோலியோசிஸ், 27 டிகிரின்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. பாட்டி 'எல்லாம் நம்மூரு தண்ணி பண்ற வேலை'ங்கறாங்க. அம்மா 'ஒரே தோள்ல பையை மாட்டாதேன்னா கேட்டாத்தானே'ன்னு திட்டுறாங்க. மாமா, எண்ணெய் போட்டு நீவி நேராக்குற ஆள் இருக்காருன்னு கூட்டிட்டுப் போக ரெடியா இருக்காரு. பக்கத்து வீட்டுல ஆபரேஷன்தான்னு பயமுறுத்துறாங்க. நாங்க யார் பேச்சைக் கேக்குறது?"

யார் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம் தோழி. காலண்டர் பேச்சைக் கேளுங்க! இந்தப் பிரச்னையில் மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது. 27 டிகிரிக்கு ஆபரேஷனும் கிடையாது. ஆனா ஒண்ணு... உங்க தங்கச்சி இன்னும் எவ்வளவு உயரம் வளரப் போறாங்களோ, அந்த வளர்ச்சி முடியறதுக்குள்ள செய்ய வேண்டியதைச் செஞ்சாகணும். விட்டுட்டா அந்த மாசங்கள் திரும்பி வராது.

ஜியாமெட்ரி பாக்ஸை எடுங்க!

முதுகெலும்பு பக்கத்திலிருந்து பார்த்தால் லேசாக வளைந்துதான் இருக்கும். அது நார்மல். பின்னாலிருந்து பார்த்தால் பிளம்ப் குண்டு விட்ட மாதிரி நேராக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் இங்கிலீஷ் 'சி' மாதிரியோ 'எஸ்' மாதிரியோ பக்கவாட்டில் வளைந்தால் அதுதான் ஸ்கோலியோசிஸ். நம்ம ஊரில் எல்லாவற்றையும் 'கூன்' என்று ஒரே பேரில் கூப்பிட்டு விடுவோம். கூன் என்பது முன்பக்கம் குனிவது. இது வேற. இதில் எலும்பு பக்கவாட்டில் வளைவதோடு, முறுக்கிய துணி மாதிரி திரும்பவும் செய்யும். அதனால்தான் குனிந்தால் ஒரு பக்க விலா மட்டும் மேடாகத் தெரிகிறது.

அந்த 27 டிகிரி எப்படி வந்தது? அமெரிக்க எலும்பு டாக்டர் ஜான் காப் என்பவர் 1948-ல் சொன்ன வழி. எக்ஸ்ரேயில் வளைவின் மேல் முனையில் அதிகமாகச் சாய்ந்த எலும்பின் மேல் விளிம்பில் ஒரு கோடு. கீழ் முனையில் அதிகமாகச் சாய்ந்த எலும்பின் கீழ் விளிம்பில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணத்தைக் கோணமானி வைத்து அளந்தால் முடிந்தது. ஒன்பதாவது கணக்குப் பாடம்தான்!

பத்து டிகிரியைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ் என்றே பேர் வைப்பார்கள். வளர் இளம் பருவத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. ஆயிரம் பேர் படிக்கிற ஸ்கூல் என்றால் இருபது முப்பது பேர்! அதில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வளைவு. ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது. சின்ன வளைவு ஆண், பெண் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட சமமாக வரும். ஆனால் 30 டிகிரியைத் தாண்டிப் பெரிதாகிறதே... அது பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம்.

இன்னொரு மேட்டர். ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தால் 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம். அதனால் 27 அடுத்த முறை 29 ஆனால் இடி விழுந்த மாதிரி உட்கார வேண்டாம். 24 ஆனால் பார்ட்டியும் வைக்க வேண்டாம்.

தண்ணி மேல பழி போடலாமா?

பாட்டி சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சேதி. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரைதான் நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அதற்கு மேல் வருஷக்கணக்காகக் குடித்தால் பல்லில் கறை விழும். இன்னும் போனால் எலும்பும் மூட்டும் இறுகும். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனால் ஃபுளோரைடு செய்கிற வேலை வேறு. அது முதுகை வருஷக்கணக்கில் இறுக்கி விறைப்பாக்கும். பதிமூன்று வயசுப் பெண்ணின் முதுகை, வலியே இல்லாமல், ஒரு பக்கமாக வளைக்கிற வேலையை அது செய்வதில்லை. பாட்டியின் கவலை நியாயம்தான். இந்தக் கேசில் மட்டும் குற்றவாளி அது இல்லை!

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: பையும் குற்றவாளி இல்லை. ஒரே தோளில் பை மாட்டுவது, கோணலாக உட்கார்ந்து படிப்பது, ஒரு பக்கமாகப் படுப்பது, இடுப்பில் குடம் தூக்குவது... இதெல்லாம் தோள் வலி, முதுகு வலி தரலாம். ஸ்கோலியோசிஸைத் தருவதில்லை. திட்டுகிற திட்டையெல்லாம் இன்றோடு நிறுத்தி விடுங்க. தான் செஞ்ச தப்பாலதான் இப்படி ஆச்சுன்னு ஒரு பொண்ணு நினைச்சுட்டா, அப்புறம் முதுகைக் காட்டவே மாட்டா.

அப்போ யார்தான் குற்றவாளி?

விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கிட்டேதான் இருக்காங்க. டாக்டர் எழுதிக் கொடுக்கிற பேரில் 'இடியோபதிக்' என்று ஒரு வார்த்தை இருக்கும். காரணம் தெரியாதது என்று அர்த்தம். ஆனால் தடயங்கள் சிக்கியிருக்கின்றன.

முதல் தடயம், குடும்பம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். 2011-ல் ஜப்பானின் ரைக்கன் ஆராய்ச்சி நிலையத்தில் ஷிரோ இகேகவா குழு, எல்.பி.எக்ஸ்.1 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் இதற்கும் தொடர்புள்ள ஒரு இடத்தைக் கண்டுபிடித்தது. 2013-ல் ஜி.பி.ஆர்.126 என்று இன்னொன்று. ஒரே ஒரு மரபணு செய்கிற வேலை இல்லை. பல சேர்ந்து செய்கிற கூட்டுச் சதி!

இரண்டாவது தடயம், மீன்தொட்டியில் கிடைத்தது. கோடு போட்ட குட்டி மீன்... 'ஜீப்ரா ஃபிஷ்'. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு திரவம் ஓடுகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக நுண்ணிய ரோமங்கள் உண்டு. அந்த ரோமங்கள் அசையாத மீன்களுக்கு, வளரும்போது முதுகு வளைந்தது! பிரின்ஸ்டன், டொரண்டோ ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-ல் இதை வெளியிட்டார்கள். வளைவு ஆரம்பித்த பிறகு ரோமங்களை மறுபடி அசைய வைத்தால், வளைவு மேலே போகாமல் நின்றது. மீனுக்கு நடந்தது மனுஷனுக்கும் நடக்குமா என்பது வேறு கேள்வி. ஆனாலும், ஒருநாள் மருந்தாலேயே நிறுத்தலாமோ என்று யோசிக்க வைத்த ஆராய்ச்சி அது.

வளர்ச்சிதான் வில்லன்... வளர்ச்சிதான் ஹீரோ!

வளைவு மோசமாகுமா ஆகாதா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. இப்போது எத்தனை டிகிரி? இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி?

இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்து 0 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். ரிஸ்ஸர் என்ற டாக்டர் பெயரில் உள்ள மார்க். 0, 1 என்றால் இன்னும் நிறைய வளர்ச்சி பாக்கி. 1984-ல் அமெரிக்காவில் லான்ஸ்டீன், கார்ல்சன் என்ற இருவர் 727 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து ஒரு கணக்குச் சொன்னார்கள். 20 முதல் 29 டிகிரி வளைவு. ரிஸ்ஸர் 0 அல்லது 1... இப்படி இருந்தவர்களில் 68 சதவீதம் பேருக்கு வளைவு கூடியது. அதே டிகிரி, ஆனால் ரிஸ்ஸர் 2 முதல் 4... 23 சதவீதம்தான்! ஒரே 27 டிகிரிதான் தோழி. வளர்ச்சி பாக்கி இருக்கிற அளவைப் பொறுத்து ஒருத்திக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆபத்து, இன்னொருத்திக்கு நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் டாக்டரிடம் முதல் கேள்வி: "ரிஸ்ஸர் எத்தனை சார்?"

பெண் பிள்ளைகள் சர்ரென்று உயருவது பெரும்பாலும் வயசுக்கு வருவதற்கு முந்தைய ஆறு மாசம், ஒரு வருஷத்தில். வளைவும் அப்போதுதான் வேகம் பிடிக்கும். வயசுக்கு வந்த பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் வளர்ச்சி அடங்கிவிடும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. பத்து வயசு வரைக்கும் அம்மாதான் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறாங்க. முதுகு தினமும் கண்ணில் படுது. அப்புறம் பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டுத் தானே குளிக்கிறா. சுடிதார், அதுக்கு மேல ஓவர்கோட்டோ துப்பட்டாவோ. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. அம்மா பார்ப்பதில்லை. டீச்சர் பார்க்க முடியாது. வலி இருந்தாலாவது சொல்லுவா... பெரும்பாலும் வலியும் இருக்காது. முதுகை யாருமே பார்க்காத அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் முதுகு வளைகிறது! இந்த வியாதியில் நிஜமான ட்ராஜெடி இதுதான்.

பிரேஸ்... போட்டால் வேலை செய்யுமா?

மோட்டாமோட்டியாக ஒரு கணக்கு. 25 டிகிரிக்குள் இருந்தால் நாலு முதல் ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருப்பது. 25 முதல் 40, 45 வரை, இன்னும் வளர்ச்சி பாக்கி என்றால் பிரேஸ். 45, 50-ஐத் தாண்டினால்தான் ஆபரேஷன் பேச்சு. ஏன் 50? அதற்கு மேல் போன வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகக் கூடும். 30-க்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி.

பிரேஸ் என்பது உடம்பு அளவுக்கு அச்செடுத்துச் செய்கிற பிளாஸ்டிக் கவசம். 1940-களில் அமெரிக்காவின் மில்வாக்கியில் வால்டர் பிளவுண்ட் குழு செய்த பிரேஸ், தாடை வரைக்கும் கம்பி ஏறும்! 1970-களில் வந்த பாஸ்டன் பிரேஸ் அக்குளுக்குக் கீழேயே முடிந்துவிட்டது. இன்று சுடிதாருக்குள் போட்டால் பக்கத்து பெஞ்சுக்கே தெரியாது.

ஆனால் பிரேஸ் நிஜமாகவே உதவுதா, இல்லை சும்மா பிள்ளைகளைப் படுத்துறோமா என்று பல வருஷம் டாக்டர்களுக்கே சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது 2013-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி. அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் வெய்ன்ஸ்டைன், லோரி டோலன் இருவரும் முன்னின்று நடத்தியது. அமெரிக்கா, கனடா இரண்டிலும் 25 ஆஸ்பத்திரிகள். 10 முதல் 15 வயசுப் பிள்ளைகள் 242 பேர். எல்லோருக்கும் 20 முதல் 40 டிகிரி. ஒரு பகுதியினருக்குப் பிரேஸ், மற்றவர்களுக்குச் சும்மா கண்காணிப்பு. வளர்ச்சி முடியும்போது 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள்... பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம். போடாதவர்களில் 48 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆராய்ச்சியை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இதில் ஒரு ருசிகரமான சமாச்சாரம். பிரேஸுக்குள் உடம்புச் சூட்டை அளக்கிற குட்டி சென்சாரை வைத்திருந்தார்கள். "தினமும் போட்டேன் டாக்டர்"னு டூப் விட முடியாது! தினம் 18 மணி நேரம் போடச் சொல்லியிருந்தார்கள். சென்சார் கணக்குப்படி சராசரியாக நாளைக்கு 13 மணி நேரத்தைத் தாண்டியவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தப்பித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் மட்டுமே போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிடப் பெரிதாக லாபம் இல்லை.

13 மணி நேரம் என்றால் எவ்வளவு? சாயங்காலம் 6 மணிக்கு மாட்டி, காலையில் 7 மணிக்குக் கழற்றுவது! டாக்டர் 18 என்று எழுதினால் 18-தான். அதை நீங்களாகக் குறைக்கக் கூடாது. ஆனால் "நாள் முழுக்கப் போட முடியல, அதனால போடவே இல்ல" என்று பிரேஸைப் பரணில் ஏற்றுகிற வீடுகளுக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டும்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லணும். பிரேஸ் போடாதவர்களிலும் 48 சதவீதம் பேர் தப்பித்தார்களே... அவர்கள் போட்டிருந்தால் அது வீண் சிரமம்தானே? உண்மை. அந்தப் பாதி யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் இப்போதைய ஆராய்ச்சியின் பெரிய கேள்வி. பதில் வரும்வரை, வளர்ச்சி பாக்கி உள்ளவர்கள் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு விஷயம்: பிரேஸின் வேலை வளைவை அங்கேயே நிறுத்துவது. 27-ஐப் பூஜ்யமாக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீங்க.

ராத்திரி மட்டும் போட்டால் போதுமா? ஸ்வீடனில் 135 பிள்ளைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி, 2024-ல் வெளியானது. எல்லோருக்கும் 25 முதல் 40 டிகிரி. ராத்திரி பிரேஸ் போட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கு வளைவு கூடவில்லை. சாதாரண விளையாட்டு, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் 53 சதவீதம். பகலில் போடவே முடியாது என்பவர்களுக்கு இது ஒரு வாசல். எந்த வளைவுக்கு எந்த பிரேஸ் என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

எக்சர்சைஸ், நீவுதல், யோகா?

காத்தரீனா ஷ்ரோத் என்று ஒரு ஜெர்மன் பெண்மணி. 1894-ல் டிரெஸ்டனில் பிறந்தவர். அவருக்கே ஸ்கோலியோசிஸ். டீன் ஏஜில் இரும்பு பிரேஸ் மாட்டிக்கொண்டு அவதிப்பட்டவர். அமுங்கிப்போன பந்துக்குள் காற்று போனால் பள்ளம் மேலே வருவதைப் பார்த்து, நம்ம முதுகின் பள்ளத்துக்குள்ளும் மூச்சை இழுத்து நிரப்பினால் என்ன என்று யோசித்தார். கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே பயிற்சி செய்தார். 1921-ல் மைசன் ஊரில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் பேரில் இன்றும் உலகம் முழுக்க 'ஷ்ரோத் முறை' இருக்கிறது. தெரிந்த பிசியோதெரபிஸ்ட் தமிழ்நாட்டிலும் கிடைப்பார்கள்.

பலன்? கலவையான ரிசல்ட். இத்தாலியில் 110 பிள்ளைகளை வைத்து 2014-ல் வெளியான ஆராய்ச்சியில், சின்ன வளைவு உள்ளவர்களுக்கு இதற்கென்றே வடிவமைத்த பயிற்சிகளால் சராசரியாக 5 டிகிரி குறைந்தது. ஆனால் மேலே சொன்ன ஸ்வீடன் ஆராய்ச்சியில், மிதமான வளைவுக்குத் தனிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சாதாரண விளையாட்டைவிடக் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை. ஆகவே பயிற்சி, பிரேஸுக்குத் துணை. பிரேஸுக்குப் பதில் அல்ல.

மாமா சொல்கிற நீவல்? வலிக்கு இதமாக இருக்கலாம். எலும்பின் கோணத்தை மாற்றியதற்கு ஆதாரம் கிடையாது. பெரிய நஷ்டம் காசு இல்லை தோழி... "ஆறு மாசம் நீவிப் பார்ப்போம், அப்புறம் டாக்டர்" என்கிறார்களே, அந்த ஆறு மாசம்! சர்ரென்று உயர்கிற பெண்ணுக்கு அது ரொம்பப் பெரிய காலம். யோகாவும் கபடியும் கோகோவும் தாராளமாக ஆடலாம். பிரேஸைக் கழற்றி வைத்துவிட்டு ஆடச் சொல்லுங்க.

சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் கவசம்!

ஸ்வீடன் பிள்ளைகளுக்கு இல்லாத கஷ்டம் நம்ம தர்மபுரிப் பிள்ளைகளுக்கு உண்டு. வியர்வை! அதற்குச் சில வழிகள்:

* உள்ளே ஒட்டினாற்போல் மெல்லிய காட்டன் பனியன். தையல் உறுத்தினால் திருப்பிப் போடுங்க. நனைந்தால் உடனே மாத்துங்க. அரை டஜன் வாங்கி வைப்பது நல்லது.
* பிரேஸுக்கு அடியில் எண்ணெய், பவுடர், க்ரீம் வேண்டாம். தோல் ஊறிப் புண்ணாகும். சோப்புப் போட்டுக் குளித்து, நன்றாக ஈரம் துடைத்தபின் மாட்டுங்க.
* கழற்றியதும் லேசான சிவப்பு இருக்கும். அரை மணி நேரத்தில் மறையணும். மறையவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் செய்தவரிடமே காட்டிச் சரி செய்யணும். சகித்துக்கொள்வது வீரம் இல்லை.
* யூனிஃபார்மை ஒரு சைஸ் பெரிதாகத் தைக்கச் சொல்லுங்க. டீச்சரிடமும், நெருங்கிய தோழி ஒருத்தியிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்க.
* முதல் வாரமே 18 மணி நேரம் முடியாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.
* வளரும் உடம்பு! பிரேஸ் சின்னதாகும். போன வருஷ பிரேஸை இழுத்துக் கட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

எங்கே போறது?

கடத்தூரிலிருந்து முதல் ஸ்டாப் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவு. சேலம் என்றால் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி. பொம்மிடியில் ரயில் பாதை இருக்கிறதே, அதே பாதை காட்பாடி வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. காட்பாடியில் இறங்கினால் வேலூர் சி.எம்.சி.; அங்கே மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கோவையில் கங்கா மருத்துவமனை முதுகெலும்பு ஆராய்ச்சிக்குப் பேர் போனது. எங்கே போனாலும் கேளுங்க: "பிரேஸை இங்கேயே அளவெடுத்துச் செய்வீங்களா? செய்தபின், போட்டுக்கிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பீங்களா?" கடையில் தொங்குகிற ரெடிமேட் இடுப்பு பெல்ட், பிரேஸ் ஆகாது!

எக்ஸ்ரேக்கும் ஒரு டிப்ஸ். நின்ற நிலையில், முழு முதுகும் தெரிய எடுக்கணும். படுத்தால் வளைவு குறைவாகத் தெரியும். முதுகுப் பக்கமிருந்து கதிர் போகிற மாதிரி எடுக்கச் சொன்னால் மார்பகத்தில் படும் கதிர்வீச்சு குறையும். பழைய ஃபிலிம் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீங்க.

பத்து வயசுக்கு முன்பே வளைவு, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்துப் போவது, சிறுநீர் அடக்க முடியாமை... இதில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரி. அது வேறு காரணமாக இருக்கலாம்.

பயம் வேண்டாம், கவனம் போதும்

"கல்யாணம், குழந்தை?" என்று அம்மாக்கள் மனசுக்குள் கேட்பது நமக்கும் கேட்கிறது. அயோவாவில் சிகிச்சையே எடுக்காத 117 பேரை 50 வருஷம் கழித்துப் பார்த்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். நாள்பட்ட முதுகு வலி அவர்களில் 61 சதவீதம் பேருக்கு இருந்தது. மற்றவர்களில் 35 சதவீதம். ஆனாலும் வேலை, குடும்பம் என்று நன்றாகவே வாழ்ந்திருந்தார்கள். ஸ்கோலியோசிஸ் உள்ள பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பமும் பிரசவமும் மற்றவர்களைப் போலத்தான். 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினாரே உசேன் போல்ட்... அவருக்கும் ஸ்கோலியோசிஸ்தான். அவரே சொல்லியிருக்கிறார்!

பள்ளிகளில் எல்லோருக்கும் முதுகைப் பரிசோதிக்கணுமா என்பதில் மட்டும் உலகத்தில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அமெரிக்க நிபுணர் குழு 2004-ல் வேண்டாம் என்றது. பிரேஸ் ஆராய்ச்சி வந்த பிறகு, 2018-ல், வேணும் வேணாம் எதையும் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று மாற்றிக்கொண்டது. நம்ம நாட்டில் 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டர் குழு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. பல், கண், காது, இதயம், ரத்தசோகை எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. முதுகு வளைவுக்கென்று தனி இடம் இல்லை. ஆனால் குழு வரும் அன்று "இவ முதுகையும் ஒரு தடவை பாருங்க"னு கேட்க யாரும் தடை போடவில்லை.

ஒரு நிமிஷ டெஸ்ட்!

வில்லியம் ஆடம்ஸ் என்ற இங்கிலீஷ் டாக்டர் 1865-ல் எழுதி வைத்த டெஸ்ட். காசு செலவில்லை. வீட்டில் 10 முதல் 15 வயசில் தங்கையோ தம்பியோ இருந்தால், அக்காவோ அம்மாவோ அண்ணனோ செய்யலாம்.

1. மெல்லிய பனியனோடு, செருப்பில்லாமல், பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்க. பின்னாலிருந்து பாருங்க. தோள் இரண்டும் சமமா? ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்துதா? கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றா?
2. உள்ளங்கைகளைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், மெல்லக் குனியச் சொல்லுங்க. உங்கள் கண் முதுகு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் மேடாக எழும்புதா?
3. சந்தேகம் என்றால், குனிந்த முதுகின் குறுக்கே போனை வைத்து அதிலிருக்கும் மட்டம் பார்க்கும் வசதியைத் திறங்க. 1984-ல் வில்லியம் பனல் இதே வேலைக்குச் செய்த கருவியின் பேர் ஸ்கோலியோமீட்டர். சாய்வு 7 டிகிரி வந்தால் டாக்டரிடம் போங்க. 5, 6 என்றால் மூன்று மாசம் கழித்து மறுபடி பாருங்க.

பிறந்தநாளுக்கு ஒரு தடவை, அரைப் பரீட்சை லீவில் ஒரு தடவை. வருஷத்துக்கு இரண்டு நிமிஷம். உயரத்தையும் கதவு நிலையில் பென்சிலால் குறித்து வையுங்க. திடீரென்று எகிறினால் முதுகையும் பாருங்க. கேலி வேண்டாம், பதற்றம் வேண்டாம், "நேரா நில்லுடி" என்ற அதட்டல் சுத்தமா வேண்டாம். வளைவு யாருடைய தப்பும் இல்லை. பார்க்காமல் விடுவது மட்டும்தான் நம்ம கையில் இருக்கிற தப்பு.

அடுத்த வாரம் இன்னொரு கடிதத்தோட சந்திப்போம்!